உறங்கும் வேளையை யார் குறிப்பது?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில், லயங்கள் முடிந்து வெட்டுக்காடு தொடங்கும் எல்லையில், தகரக் கூரை வேய்ந்த இன்ஜின் கொட்டகை ஒன்று இருந்தது. மாலை ஆறரை மணிக்கு அதற்குள்ளிருந்து டீசல் இன்ஜினின் முழக்கம் கிளம்பினால், சற்று நேரத்தில் வீட்டுக்கொன்றாகத் தொங்கிய பல்புகள் மஞ்சளாகக் கண் விழிக்கும், இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வெளிச்சம் ஒரு தடவை மங்கித் தெளியும், பத்தடித்ததும் இருள். விடியுமுன் எழுந்து, ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டிய ஜனங்களுக்கு அந்த நியதி பெரும்பாலும் ஒத்தே வந்தது. ஆனால் ஓர் இரவு, எங்கள் லயத்து நான்காம் வீட்டில் ஒரு பெண் பிரசவ வேதனையில் இருக்க, மருத்துவச்சி குழந்தையின் தலையைத் தாங்கக் கை நீட்டிய வேளையில் வெளிச்சம் மங்கிற்று. ஐந்து நிமிஷத்தில் அணைந்தும் போயிற்று. என் தகப்பனார் இருட்டில் கொட்டகைக்கு ஓடினார். இன்ஜின்காரர் நல்ல மனிதர். எனினும் பத்து மணிக்கு மேல் எரியும் ஒவ்வொரு கேலன் எண்ணெய்க்கும் கிராணிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். கிராணி துரையின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். துரையின் பங்களாவோ குன்றின் மேல் இருந்தது. குழந்தை மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் பிறந்தது.

இன்ஜினை நிறுத்தியதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். விலைகொடுத்து வாங்கும் எண்ணெயை இரவெல்லாம் எரிப்பது விவேகமன்று. எந்த வீட்டில் இன்னும் வெளிச்சம் வேண்டியிருக்கிறது என்ற செய்தி கொட்டகையை எட்டுவதற்கு ஒரு மார்க்கமும் அமைக்கப்படாததும், எட்டினாலும் அதைக் கேட்டு நடக்க அங்கிருந்தவருக்கு அதிகாரம் தரப்படாததுமே அன்று நேர்ந்த பிழை. அத்தனைக்கும், பேராக் நதியின் செண்டரோ அணைக்கட்டு 1930 முதலே மின்சாரம் தந்துகொண்டிருந்தது. 1926-இல் ஸ்தாபிதமான பேராக் நதி நீர்மின் கம்பெனி, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை முக்கியமாக மனத்தில் வைத்துச் செய்த காரியம் அது. மாநிலத்தில் மின்சாரம் இருந்தது. அது எப்போது, எவருக்கு, எவ்வளவு நேரம் என்பதை நிர்ணயித்தவர்கள் லயத்து வாசலைக் கண்டவர்கள் அல்லர்.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே குறையை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சர்க்கியூட் பலகைக்குள் மறுபடி கண்டேன். அதுபற்றிப் பொதுஜனங்கள் அறிந்திருப்பது அவசியமென்று தோன்றியதாலேயே இதை எழுதலானேன்.

நம் வீட்டு அரிசிக் குக்கருக்குள்ளும், துணி துவைக்கும் யந்திரத்துக்குள்ளும், வாசலில் வைத்த மின்சார மீட்டருக்குள்ளும் திரையும் விசைப்பலகையும் இல்லாத சிறு கணினிகள் குடியிருக்கின்றன. ஒரே ஒரு காரியத்துக்கென்று ஒரு சாதனத்தின் உள்ளே பொதிந்து வைக்கப்பட்டிருப்பதால் இவற்றை உட்பொதி கணினிகள் என்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கும் இயங்குதளம் உண்டு; எந்த வேலையை முதலில் செய்வது, எதைக் காத்திருக்க வைப்பது என்று அதுதான் பங்கிட்டுக் கொடுக்கிறது. சுவரிலிருந்து மின்சாரம் வாங்கும் சாதனத்தில் இந்தப் பங்கீடு சற்றுத் தாராளமாக இருந்தாலும் பாதகமில்லை. காட்டிலும் ஆற்றங்கரையிலும் ஒரு பேட்டரியை மட்டும் நம்பி வைக்கப்படும் சாதனத்துக்கோ, எப்போது விழித்திருப்பது, எப்போது உறங்குவது என்ற தீர்மானமே ஆயுள்.

என் பேத்தி எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். என் தமையனார் பால்மரம் வெட்டிய காடு இப்போது செம்பனைக் காடாகிவிட்டது. அதன் ஓரத்தில், ஓடைக்கரையில், ஆடுகள் வைத்துக்கொண்டு அவர் வசிக்கிறார். மலைப்பக்கம் மழை கொட்டினால் ஓடை திடீரென்று பெருகும். நீர்மட்டத்தை அளந்து, அபாயம் நெருங்கினால் அவருடைய தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் ஒரு கருவியைப் பேத்தி தன் கையாலேயே செய்தாள். சூரியப் பலகை வைக்கலாமே என்று கேட்பீர்கள். செம்பனை மட்டைகள் கவிந்த நிழலில் அது எங்களுக்கு உதவவில்லை. ஆகவே கட்டைவிரல் பருமனுள்ள ஒரு லித்தியம் பேட்டரி, 3,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவு உள்ளது, அதற்கு ஆதாரமாயிற்று.

முதலில் கருவி நான்கே நாளில் அணைந்தது. சமையலறை மேஜையில் மல்டிமீட்டரை இடையில் இணைத்துப் பார்த்தபோது, ஒன்றும் செய்யாத வேளையிலும் அது 30 மில்லியாம்பியர் குடிப்பது தெரிந்தது. அந்த வேகத்தில் 100 மணி நேரத்துக்குமேல் பேட்டரி தாங்காது. காரணத்தை அவள் விளக்கியபோது எனக்குத் தோட்டத்து உவமைதான் தோன்றிற்று. அந்த இயங்குதளம், விநாடிக்கு 1,000 தடவை பெரட்டுக் கூப்பிட்டு, வேலை இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வேலை ஒன்றுமில்லை, ஆனால் பெரட்டுக்கு வந்து நிற்பதே ஒரு வேலையாகி, கணினியின் மூளையான செயலிக்கு ஓய்வில்லாமற் போயிற்று. பழைய இயங்குதளங்கள் பலவும் இப்படி ஒரு கடிகாரத் துடிப்பை ஆதாரமாகக் கொண்டே கட்டப்பட்டவை. லினக்ஸ் இந்தத் துடிப்பை ஓய்வு வேளையில் நிறுத்தக் கற்றுக்கொண்டது 2007-இல்தான். ரிச்சர்ட் பாரி தொடங்கி, 2017 முதல் அமேசானின் ஆதரவில் வளரும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய இயங்குதளத்திலும் இதற்கான ஏற்பாடு இருக்கிறது: அடுத்த வேலை எத்தனை மணிக்கு என்று முன்னதாகக் கணக்கிட்டு, அந்நேரத்துக்கு ஓர் அலாரம் வைத்துவிட்டு, அதுவரை செயலியை உறங்கவிடுவது. குறுக்கீடு வரும்வரை காத்திரு என்று பொருள்படும் ஒரு கட்டளையே ஆர்ம் செயலிகளில் இதற்காக இருக்கிறது. பேத்தி அந்த ஏற்பாட்டைச் செய்தாள். இனி ஒரு வருஷம் கவலையில்லை என்றாள்.

பத்தாம் நாள் கருவி மறுபடி அணைந்தது.

மறுபடியும் மேஜை, மறுபடியும் மல்டிமீட்டர். இம்முறை முள் 12 மில்லியாம்பியரில் நின்றது. அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, மூளை தூங்குது, கண்ணும் காதும்தான் முழிச்சிக்கிட்டே இருக்கு" என்றாள். செயலி உறங்கிற்று, நீர்மட்டம் அளக்கும் உணரியும் செய்தி அனுப்பும் ரேடியோவும் உறங்கவில்லை. இவ்வித உறுப்புகளுக்கென இயங்குதளம் ஒரு பேரேடு வைத்திருக்கும்: ரேடியோ வேண்டுமென்று ஒரு நிரல் கேட்டால் ஒன்று கூட்டும், வேலை முடிந்து திருப்பித் தந்தால் ஒன்று கழிக்கும், கணக்குப் பூஜ்யமானதும் ரேடியோவுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும். அவளுடைய நிரலில், செய்தி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ரேடியோவைத் திருப்பித் தரும் வரி ஒழுங்காக இருந்தது. போய்ச் சேராத சந்தர்ப்பத்தில், நிரல் அந்த வரியை எட்டுமுன்பே வெளியேறிவிட்டது. ஒரே ஒரு தடவை சிக்னல் கிடைக்காமற் போனது. அன்று முதல் ரேடியோ எவருக்காகவும் இல்லாமல் விழித்துக்கொண்டே கிடந்தது. விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு சராசரி 0.3 மில்லியாம்பியருக்கு இறங்கிற்று. கணக்குப்படி 400 நாளுக்கு மேல்.

பொறியாளர்கள் பலர் இந்த இடத்தில் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவார்கள். உண்மையில் எங்களுக்கு வேலை தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஒரு பிற்பகல் மலைப்பக்கம் இடி இடித்து மழை கொட்ட, ஓடை இருபதே நிமிஷத்தில் ஆட்டுக்கொட்டகையை எட்டிற்று. கருவியோ மணிக்கொரு தடவை விழித்து அளப்பதாக ஏற்பாடு. வெள்ளம் வருவதற்குச் சற்று முன்புதான் அது அளந்துவிட்டுச் சமாதானமாக உறங்கப் போயிருந்தது. எச்சரிக்கைச் செய்தி வந்தபோது தமையனார் முழங்கால் நீரில் நின்று இரண்டு குட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டிருந்தார். மறுநாள் பேத்தி மிகுந்த வருத்தத்தோடு போய் நின்றாள். அவர் கோபிக்கவில்லை. "மத்தியானம் மூணு மணிக்கு மலைப்பக்கம் கருத்துச்சுன்னா இது தூங்கக் கூடாதும்மா. ராத்திரி தூங்கட்டும், காலையில தூங்கட்டும், யாரு வேணாங்கிறா?" என்றார். முப்பது வருஷம் வானத்தைப் பார்த்து, இன்று மரம் வெட்டலாமா, பால் வடியும் மங்குக்குள் மழைநீர் விழுமா என்று தீர்மானித்த மனிதர் அவர். அந்த ஞானம் எந்தச் செயலியின் கையேட்டிலும் அச்சாகவில்லை.

அதன்பின் உறக்கத்தின் விதியை அவ்விருவருமாக உட்கார்ந்து எழுதினார்கள். பகல் இரண்டு மணி முதல் ஏழு வரை ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை அளப்பது. மற்ற வேளைகளில் அரைமணிக்கொரு தடவை. நீர் ஒரு சாண் ஏறினால் தானாகவே தட்டி எழுப்பும்படி ஒரு மிதவைச் சுவிட்ச். அது தட்டினால் எந்த வேளையானாலும் நிமிஷத்துக்கொரு தடவை. பேட்டரி ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் எதைக் கைவிடுவது என்ற கேள்விதான் அவர்களை அதிக நேரம் யோசிக்க வைத்தது. தினசரி அறிக்கையை முதலில் விடலாம், அப்புறம் இரவு அளவையை விடலாம், மிதவையின் எச்சரிக்கையை மட்டும் கடைசி மூச்சுவரை விடக்கூடாது என்று முடிவாயிற்று. இந்த விதிகளால் பேட்டரியின் ஆயுள் ஒரு வருஷத்திலிருந்து ஏறக்குறைய எட்டு மாதமாகக் குறைந்தது. அது நஷ்டமென்று நான் கருதவில்லை.

உறங்குவதற்கான வழிமுறையையும், எப்போது உறங்குவது என்ற கொள்கையையும் வேறுவேறாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது இயங்குதளம் அமைப்போரிடையே நெடுநாளாக உள்ள நற்கோட்பாடு. வழிமுறையைச் செயலி அறிந்தவன் எழுதட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொள்கையோ, அந்தச் சாதனம் எந்த இடத்தில் எதற்காக விழித்திருக்கிறது என்பதை அறிந்தவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, பரிசோதனைச் சாலையில் பேட்டரி எத்தனை நாள் தாங்கிற்று என்ற ஒரே எண்ணை விளம்பரத்தில் அச்சிட்டு விற்கும் சாதனம், குன்றின் மேலிருந்து பத்து மணிக்கு விளக்கணைக்கச் சொன்ன உத்தரவைப் போன்றது.

விழித்திருக்கும் அதிகாரத்தை எல்லோருக்கும் கொடுத்தால் எல்லோரும் விழித்திருக்கவே கேட்பார்கள், பேட்டரி என்னாவது என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம், கைத்தொலைபேசிகளின் சரித்திரத்தில் இது நேர்ந்தும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஒரு நிரல், உறங்காதே என்று தொலைபேசியைப் பிடித்து நிறுத்திவைக்க ஒரு பூட்டு இருந்தது. அந்த ஏற்பாட்டை லினக்ஸுக்குள் சேர்ப்பதா என்று 2009 முதல் பொறியாளர்களிடையே கடுமையான விவாதம் நடந்து, உருமாறிய வடிவில் 2012-இல்தான் அது ஒருவாறு தீர்ந்தது. பூட்டைப் பிடித்து விடாமலிருந்த நிரல்களால் ஜனங்களின் பேட்டரி பாழாயிற்று. 2015-இல் வெளிவந்த ஆறாம் ஆண்ட்ராய்டு, மேஜைமேல் அசையாமல் கிடக்கும் தொலைபேசியைத் தானே ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதனால் சில செய்திகள் தாமதமாக வரத் தொடங்கின. இரண்டு கோடிகளும் துன்பம் தந்தன. இடையில் பயன் தந்தது எதுவென்றால், கணக்கை வெளிச்சத்தில் வைத்ததுதான். 2007-இல் இண்டெல் வெளியிட்ட பவர்டாப் என்னும் சிறு கருவி, எந்த நிரல் விநாடிக்கு எத்தனை தடவை செயலியை எழுப்புகிறது என்று பெயர் சொல்லிக் காட்டிற்று. பெயர் வெளிப்பட்ட நிரல்கள் பலவற்றை அவற்றை எழுதியவர்களே விரைந்து திருத்தினார்கள். விழித்திருக்கும் உரிமையைக் கேட்பவர் கேட்கட்டும். யார் கேட்டார், எவ்வளவு நேரம் வைத்திருந்தார், திருப்பித் தந்தாரா என்பது பேரேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

இது ஓர் ஓடைக்கும் சில ஆடுகளுக்கும் மட்டுமான விசாரம் அன்று. ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார், லெங்கோங் கடந்து கெரிக் வரை போய்ப் பாருங்கள். அங்கிருந்து கிழக்கே ஜெலிக்குப் போகும் நெடுஞ்சாலை யானைக் காட்டைப் பிளந்துகொண்டு செல்கிறது. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று, அந்தச் சாலையில் லாரி மோதி ஒரு யானைக்கன்று இறந்ததையும், தாய் யானை அந்த லாரியைத் தலையால் முட்டியபடி அகலாமல் நின்றதையும் நாடே பார்த்துக் கண் கலங்கிற்று. அந்தக் காட்டு யானைகள் சிலவற்றுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப் பட்டை அணிவித்து, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்து ஆய்வாளர்கள் வனவிலங்கு இலாகாவோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். யானைகள் சாலையைக் கடப்பது ஏறக்குறைய ஐந்தில் நான்கு தடவை இரவு வேளையில்தான் என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்லுகிறது. அத்தகைய பட்டை ஒரு பேட்டரியில் இயங்கும் உட்பொதி கணினி. யானைக்கு மயக்க ஊசி போடாமல் அதன் பேட்டரியை மாற்ற முடியாது. ஒவ்வொரு தடவை இருப்பிடத்தைக் குறிக்கும்போதும் அது மரக்கவிகையின் ஊடே செயற்கைக்கோள்களைத் தேடி மின்சாரத்தைச் செலவிடுகிறது. மணிக்கொரு தடவை குறித்தால் நெடுநாள் தாங்கும். ஆனால் யானை சாலையைக் கடக்கச் சில நிமிஷம் போதும். நடுக்காட்டில் இருக்கையில் நன்றாக உறங்கி, சாலையை நெருங்குகையில், அதிலும் இரவில், அடிக்கடி விழிக்கும் விதியை எழுத வேண்டுமானால், யானையின் வழித்தடம் அறிந்த வனக்காவலரும் ஒராங் அஸ்லி மக்களும் இயங்குதளம் எழுதுவோரோடு ஒரே மேஜையில் அமர்ந்தாக வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக் கணினி விஞ்ஞானிகள் 2004 ஜனவரியில் கென்யாவின் ம்பாலாவில் வரிக்குதிரைகளுக்குப் பட்டை அணிவித்தபோது, உயிரியல் அறிஞர்களை ஆரம்பத்திலிருந்தே உடன் வைத்துக்கொண்டார்கள். நம் காட்டில் அதற்கு ஒரு படி மேலே போகலாம்.

நம் நாட்டில் இதற்குத் தக்க காலமும் வாய்த்திருக்கிறது. 2024 மே 28-இல் பிரதமர் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டம் 60,000 பொறியாளர்களை உருவாக்குவதாகச் சொல்லுகிறது. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்துடன் பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் செலுத்தும் ஒப்பந்தமும் ஆயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் நம் பெண்பிள்ளைகள் விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஆலைகளுக்குப் போய், நுண்ணோக்கியில் கண் வைத்துப் பிறர் வகுத்த சில்லுகளைக் கோத்தார்கள். ஈப்போவின் கார்செம், யூனிசெம் ஆலைகளில் இன்றும் உலகத்துக்கான சில்லுகள் பொதியப்படுகின்றன. அடுத்த படியாகச் சில்லை வரையவும் கற்றுத்தரப் போகிறார்கள் என்பது மகிழ்ச்சியே. ஆனால் சில்லின்மேல் அமர்ந்து, அது உறங்கும் வேளையைக் குறிக்கும் இயங்குதளத்தைப் பற்றியும், அதை ஓடைக்கரையில் வைத்துச் சோதிப்பது பற்றியும் அந்தப் பாடத்திட்டங்களில் போதிய இடம் இருக்க வேண்டும். ஈப்போவில் 1969 முதல் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கும், ஸ்ரீ இஸ்கந்தரிலும் கம்பாரிலும் உள்ள பல்கலைக்கழகங்களும், மாணவர் செய்யும் கருவியை நவம்பர் மழையில் ஒரு மாதம் வெளியே விட்டு, ஏன் அணைந்தது என்று அவர்களே எழுதிக் கொடுத்த பின்னரே மதிப்பெண் போடலாம். என் பேத்தி மூன்று தடவை தோற்று அறிந்ததை நான்கு சுவருக்குள் ஒருவராலும் அவளுக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது.

பொதுப் பணத்தில் சாதனம் வாங்கும் இலாகாக்களிடமும் ஒரு விண்ணப்பம். வெள்ளம் அளக்கும் நிலையமாகட்டும், யானைப் பட்டையாகட்டும், நகராண்மைக் கழகத்தின் தெருவிளக்குக் கட்டுப்பாடாகட்டும், அது எந்தெந்த வேளையில் உறங்கும், ஏன் உறங்கும், எது அதை எழுப்பும், பேட்டரி குறைகையில் எதை முதலில் கைவிடும் என்பதை மலாய் மொழியில் தெளிவாக எழுதித் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். அந்த விதிகளை, விற்றவரின் தயவை எதிர்பாராமல், இங்குள்ள உத்தியோகஸ்தர் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இன்று இதைக் கேட்பதற்கு ஒரு தாளும் சில வாக்கியங்களும் போதும். நூற்றுக்கணக்கான கம்பங்களில் பூட்டி முடித்த பின் கேட்டால் கேட்பாரிருக்கமாட்டார்.

பேத்தி தன் நிரலை ஒரு நாள் எனக்குக் காட்டினாள். பிற்பகல் இரண்டு முதல் ஏழு வரை என்ற விதி வரும் வரிக்கு மேலே, நிரல் எழுதுவோர் தம் ஞாபகத்துக்காக எழுதிவைக்கும் குறிப்பாக, தமிழ் எழுத்திலேயே, "மூணு மணிக்கு மலை கருத்தா தூங்காதே: பெரிய தாத்தா" என்று எழுதியிருந்தாள். சென்ற நவம்பரில் ஒரு பிற்பகல், மணி நான்கே கால் இருக்கும், தமையனாரின் தொலைபேசிக்கு முதல் செய்தி வந்தது. நிமிஷத்துக்கொன்றாக மேலும் ஆறு வந்தன. நான்கரை மணிக்கு ஓடைத் தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்தது. ஆடுகள் அதற்கு முன்பே மேட்டில் நின்றன. பேட்டரியில் இன்னும் 71 சதவீதம் இருந்தது.